ஆறு பொட்டு அரக்கு

திருநகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ரேடியோ பதினொன்று. எழுபதுகளின் கடைசி அது. ஊரே கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. வால்வு வைத்த பெரிய மரப்பெட்டி ரேடியோக்கள் பரணுக்கும், பரணிலிருந்து பழைய சாமான் கடைக்கும் போய்க்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் ரேடியோவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அரிசி மூட்டையை வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி வந்தேன். இப்படிச் சேர்ந்தவைதான் பதினொன்றும்.

என் மனைவி இதற்கெல்லாம் சண்டை போடுகிறவள் இல்லை. போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். பழைய இரும்புக் கடைக்காரனுக்கு வாக்கப்பட்டிருந்தால் வீட்டில் ஒரு தராசாவது இருந்திருக்கும் என்பாள். வருகிற விருந்தாளிகளிடம், "அந்தப் பெட்டி மேல சாயாதீங்க, அதுதான் எங்க வீட்டு மூத்தது" என்று அறிமுகம் செய்துவைப்பாள். நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிடுவேன்.

கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வரைபடம் போடும் வேலை. ஆறு நாளும் கோடு இழுத்துவிட்டு ஏழாம் நாள் ரேடியோவைத் திறந்துகொண்டு உட்காருவேன். வால்வு மாற்றவும் ஈயம் பற்றவைக்கவும் மதுரையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். எனக்குப் பைத்தியம் முள்ளின்மேல்தான். வெளியே நாம் ஒரு குமிழைத் திருகுகிறோம். உள்ளே ஒரு முள் இடமிருந்து வலமாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு நூல். அது குமிழின் தண்டில் மூன்று சுற்றுச் சுற்றி, மூலைக்கு மூலை இருக்கும் சின்னக் கப்பிகளில் ஏறி இறங்கி, ஒரு பெரிய சக்கரத்தைக் கட்டி இழுத்து, ஒரு ஸ்பிரிங்கில் போய் முடியும். அந்தச் சக்கரம் திரும்பினால்தான் ஸ்டேஷன் மாறும். நூல் தளர்ந்தால் குமிழ் சும்மா சுற்றும். நூலை ஒரு கப்பியில் மாற்றிச் சுற்றிவிட்டாலோ முள் எதிர்த்திசையில் ஓடும். திருச்சி இருக்கவேண்டிய இடத்தில் திருநெல்வேலி பேசும். நல்ல நூலுக்காக முனிச்சாலைப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் பட்டு இழை கேட்டு வாங்கி, மூன்று இழையை முறுக்கி, மெழுகு தேய்த்து நானே செய்துகொள்வேன்.

அந்த நூலைக் கட்ட நாலு கை வேண்டும். ஒருவர் சக்கரத்தை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் சுற்ற வேண்டும். என் மனைவியின் கைகள்தான் மற்ற இரண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, சொன்ன இடத்தில் விரலை வைத்து, நான் முடிச்சுப் போடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பதினொரு ரேடியோவும் அவள் விரல் பட்டுத்தான் மறுபடி பாடின.

எனக்குச் சில சட்டங்கள் இருந்தன. எந்த ரேடியோவாக இருந்தாலும் அது கம்பெனியிலிருந்து எந்தக் கோலத்தில் வந்ததோ அந்தக் கோலத்துக்குத் திரும்ப வேண்டும். கையை வைக்குமுன் உள்ளே இருப்பதை நோட்டுப் புத்தகத்தில் வரைந்து, என்னென்ன குறை என்று எழுதிவிட வேண்டும். கழற்றியது தூசியாக இருந்தாலும் அந்த ரேடியோவுக்கென்று வைத்த டப்பாவில் போட வேண்டும். ஒருமுறை ஒரு ஸ்பிரிங் குப்பையோடு போய், நான் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததிலிருந்து வந்த சட்டம் இது. கடைசிச் சட்டம், கட்டிமுடித்த ரேடியோவின் குமிழை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. நூல் வழுக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை முறைவைத்து ஒவ்வொன்றாகப் பத்து நிமிஷம் பாடவிட்டு, துணியைப் போட்டு மூடிவிடுவேன்.

மற்ற நாட்களில் என் மனைவி பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரைச் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இம்புட்டு ரேடியோ இருக்கு. கேக்குறதுக்கு ஒண்ணு இல்ல" என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன். கேலி என்றுதான் நினைத்தேன்.

பன்னிரண்டாவதாக வந்த ரேடியோ எனக்குச் சொந்தமானது அல்ல. எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் ஒருவன் கொண்டுவந்தான். கோரிப்பாளையத்துக்காரன். தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் வீடு, அடுத்த சந்தில் அவன் அக்கா வீடு. அக்காவின் கணவர் தபால் ஆபீஸில் பார்சல் பிரிவில் வேலை பார்த்தவர். அந்த மாதம்தான் இறந்துபோயிருந்தார்.

"அக்கா வீட்டு ரேடியோண்ணே. சத்தமே வர மாட்டேங்குது" என்றான் நண்பன். "அக்கா இத்தாவுல இருக்கு. அது முடியறப்போ இது பாடணும். அம்புட்டுத்தான்."

இத்தா என்பது கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம். அயல் ஆண்களின் முன்னால் அவர்கள் வரமாட்டார்கள். அந்த நாட்களில் அந்த வீட்டில் பாட்டுச் சத்தமும் இராது. ஆக எனக்கு நாலு மாத அவகாசம். இவ்வளவு நிதானமான வேலை அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

பின்பக்க அட்டையில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் வருஷம் தவறாமல் முத்திரை குத்தி ஒட்டியிருந்தது. பொறுப்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டு முன்பக்கம் திருப்பினேன். ஸ்டேஷன் பெயர்கள் அச்சடித்த முகப்புக் கண்ணாடி இல்லவே இல்லை. முள் அம்மணமாக நின்றது. முள்ளுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் தகட்டில் பார்சலுக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கு ஆறு இடத்தில் சிந்திக் கட்டிதட்டிக் கிடந்தது. நூல் இற்று, நடுவில் முடிச்சுப் போட்டுச் சேர்க்கப்பட்டிருந்தது. நோட்டில் நூலின் பாதையை அழகாக வரைந்தேன். அதன் கீழே எழுதினேன்: "கண்ணாடி இல்லை. தகட்டில் அரக்குச் சிந்தல், ஆறு இடம். சுரண்ட வேண்டும். எவனோ முட்டாள்."

கண்ணாடி எப்படிப் போயிற்று, பழையது எங்காவது கிடக்கிறதா என்று அக்காவிடம் கேட்டுச் சொல் என்றேன் நண்பனிடம். அவன் சங்கடப்பட்டான். "இத்தாவுல இருக்குற பொம்பளைகிட்டப் போயி ரேடியோவப் பத்திக் கேக்கலாமாண்ணே?" அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானும் விட்டுவிட்டேன்.

அதே கம்பெனியின் அதே மாடல் கண்ணாடிக்காக இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் திருமங்கலத்தில் ஒரு சைக்கிள் கடையில், செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்தேன். கீறல் இல்லாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவர என் பனியனைக் கழற்றிச் சுற்றினேன். ஒரு வால்வு மாற்றினேன். புது நூல் கட்டினோம். அரக்கைத்தான் பொறுமையாக, தகட்டின் வர்ணம் போகாமல், மூங்கில் குச்சியைச் சீவி நெம்பி எடுத்தேன். கறைகூட மிஞ்சக்கூடாது என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஆறு இடமும் போன சுவடு தெரியவில்லை. அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை.

இத்தா முடிந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கோரிப்பாளையத்தில் நண்பன் நின்றுகொண்டிருந்தான். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்து, சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வாங்க தம்பி என்றார். ரேடியோவை அதன் பழைய மேஜையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். வால்வு சூடேறி, திருநெல்வேலி கணீரென்று பேசியது. நண்பன் என் தோளைத் தட்டினான்.

அந்த அம்மாள் முக்காலியை நகர்த்திக்கொண்டு வந்து முகப்பில் கையை வைத்தார். விரல்கள் கண்ணாடியில் முட்டின. அங்கேயே நின்றன. பிறகு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெதுவாகப் போய், மறுபடி இடது ஓரத்துக்கு வந்தன.

"இது என்ன தம்பி, கண்ணாடியா?"

நான் திருமங்கலத்துக் கதையை ஆரம்பித்தேன். இரண்டு மாதத் தேடல், சைக்கிள் கடை, பனியன் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ள அரக்கு இருந்துச்சே?" என்றார்.

"எல்லாம் சுரண்டியாச்சும்மா. இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

பாருங்க என்று சொன்னபிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் ரேடியோவின்மேல் இல்லை. என்மேலும் இல்லை. ஜன்னல் பக்கம் எங்கோ சும்மா திறந்திருந்தன. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணாடி ஏன் இல்லை, முள் ஏன் அம்மணமாக நின்றது, அரக்கு ஏன் ஆறு இடத்தில் இருந்தது, எல்லாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்திருக்கிறேன். அதற்கு நாலு மாதம் வேறு.

நண்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அக்காவுக்குப் பதினைந்து வருஷமாகப் பார்வை இல்லை. அது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் எனக்குத் தனியாகச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. அக்கா ரேடியோ வைக்கும், அது பாடும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். எப்படி வைக்கிறது என்று அவன் கவனித்ததே இல்லை.

அந்த அம்மாள்தான் எங்களைச் சமாதானப்படுத்தினார். பார்வை போன அந்த வருஷம் தினமும் ரேடியோவை யாராவது வைத்துத்தர வேண்டியிருந்ததாம். கணவர் வேலைக்குப் போனால் பகலெல்லாம் அது ஊமையாகக் கிடக்கும். ஒருநாள் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவர் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பிடித்துச் சொல்லச் சொல்ல, முள்ளின் நுனிக்கு நேர் கீழே ஒவ்வொரு பொட்டாக அரக்கு வைத்திருக்கிறார். உள்ளூர்ப் பக்கத்து ஸ்டேஷனுக்கு உருண்டைப் பொட்டு. தூர தேசத்துக்கு நீளப் பொட்டு. அதிலிருந்து இவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

"கம்பெனிக் கண்ணாடிய எதுக்குத் தம்பி தேடுனீங்க?" என்றார். "பீரோ மேல அவுக வேட்டியில சுத்தி வச்சிருக்காக. ஒரு கீறல் கிடையாது."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் கண்ணாடியின்மேல் பழக்கத்தில் தடவிக்கொண்டே இருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கண்ணாடியை அங்கேயே கழற்றினேன். அவர் வெறும் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. "பரவாயில்ல தம்பி. பாட்டு நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வேறு அரக்கு வாங்கி வைத்துவிடலாம்தான். ஆனால் அந்த மனிதர் தன் மனைவிக்காக வைத்ததை நான் சுரண்டினேனே, அதை எந்தக் கடையில் வாங்குவது? அவள் நோட்டை எடுத்துப் படித்தாள். "எவனோ முட்டாள்" என்ற வரியில் விரலை வைத்து என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துபோய், பரண் ஓரத்தில் வரிசையாக இருந்த டப்பாக்களில் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

என் சட்டம் எனக்கே மறந்துபோயிருந்தது. கழற்றியது தூசியானாலும் டப்பாவில். மூடியைத் திறந்தால் இற்றுப்போன பழைய நூல், செத்த வால்வு, அடியில் சிவப்பாக அரக்குத் துணுக்குகள்.

அவள் அதை ஒரு தட்டில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி தூசியையும் பஞ்சையும் ஒவ்வொன்றாக விலக்கினாள். ஒரு வாரம் மத்தியானமெல்லாம் அதுதான் வேலை. கடைசியில் ஒரு தேக்கரண்டி நிறைய அரக்குத் தேறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நானும் வாரேன். நீங்க தனியாப் போனா அந்தச் சந்து முழுக்கத் தொடச்சுப் பளபளன்னு ஆக்கிட்டு வந்துருவீங்க" என்றாள்.

காலை ஏழு மணிக்கே கோரிப்பாளையம் போய்விட்டோம். அரக்கு டப்பாவை அந்த அம்மாளின் கையில் கொடுத்து, இது அதே அரக்கு என்று என் மனைவிதான் சொன்னாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். வெகுநேரம் டப்பாவை முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தார். துப்பட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுக சட்டையில எப்பவும் இந்த வாடைதான் அடிக்கும்" என்றார். என் மனைவி அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று முழுவதும் நாங்கள் அந்த வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. எல்லா ஸ்டேஷனும் எல்லா நேரமும் பேசாதே. காலையில் இருக்கிறவன் நண்பகலில் கடையைச் சாத்திவிடுவான். தூர தேசத்துக்காரன் சாயங்காலம்தான் எட்டிப்பார்ப்பான். அவர் குமிழைத் திருகினார். திருநெல்வேலி வந்தது, தாண்டினார், திரும்பினார், மறுபடி அரை மயிரிழை தாண்டினார். "போகாத, போகாத, வா" என்று முள்ளோடு பேசிக்கொண்டே வந்து, "இது" என்றார். நான் இத்தனை வருஷமாகக் காது கொடுத்து முள்ளை நிறுத்தியவன். அவர் நிறுத்திய இடத்துக்கு நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

முள்ளின் நுனிக்குக் கீழே பென்சிலால் குறித்தேன். மின்சாரத்தை நிறுத்தி, முள்ளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மெழுகுவர்த்தியில் கரண்டியைக் காட்டி அரக்கை உருக்கினேன். பொட்டு வைக்கப் போனால் கரண்டி குறிக்கு நேராக நிற்கவில்லை. மயிரிழை கனத்தில் நூல் முடிச்சுப் போடுகிற கை. "கொடுங்க இப்படி" என்று என் மனைவி கரண்டியை வாங்கினாள். பென்சில் குறியின்மேல் சொட்டென்று ஒரு துளி விட்டாள். உருண்டையாக, அளவாக நின்றது. ஆறியபிறகு அந்த அம்மாள் தொட்டுப் பார்த்து, பழசு இதைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் இது ஒழுங்காக இருக்கிறது என்றார். இதைக் கேட்டு என் மனைவிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவள் என்னிடம் மறைத்தாள்.

பத்து மணிக்குள் திருச்சியும் சிலோனும் முடிந்தன. மத்தியானம் நண்பன் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் வந்தன. பெண்கள் இருவரும் உள்ளறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்து, பீரோமேலிருந்த வேட்டிச் சுருளை இறக்கி, அதற்குள் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். உண்மைதான், ஒரு கீறல் இல்லை. மறுபடி அதே மடிப்பில் சுற்றி வைத்தேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அரபு நாட்டு ஸ்டேஷன் ஒன்றில் குர்ஆன் கிராஅத் ஓதினார்கள், நீளப் பொட்டு. இருட்டும் நேரத்தில் உருதுப் பாட்டுப் போடும் வடநாட்டு ஸ்டேஷன். இன்னொரு நீளப் பொட்டு. ஆக ஐந்து. ஆறாவது எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன்.

"அது ஸ்டேஷன் இல்ல தம்பி" என்றார். குமிழை இடது பக்கமாக முழுக்கத் திருகினார். முள் ஓரத்தில் போய் முட்டி நின்றது. "இது வீடு. பாட்டு முடிஞ்சா முள்ளு வீட்டுக்கு வந்துரணும்னு அவுக கண்டிஷன். அங்கருந்து எண்ணுனாத்தான் எனக்குக் கணக்குத் தெரியும். ஒருநாள் நான் மறந்து நடுவுல விட்டுட்டேன். ஆபீஸ்லருந்து வந்தவுக சட்டையக்கூடக் கழட்டாம மொதல்ல முள்ள வீட்டுக்குக் கொண்டுவந்தாக."

அந்தப் பொட்டைத் தானே வைக்கிறேன் என்றார். என் மனைவி அவர் கையைத் தன் கையால் பிடித்து, கரண்டியோடு சேர்த்து நகர்த்தி, இடத்துக்குக் கொண்டுவந்து, இப்போ என்றாள். துளி விழுந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. யாரும் திருத்தவில்லை.

பிறகு அவர் எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து புறப்பட்டார். விரல் ஒரு பொட்டு தாண்டியது, இரண்டு தாண்டியது. முள் வந்து விரலில் தட்டியது. உருதுப் பாட்டு எழுந்தது. இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, முள்ளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து அணைத்தார். நண்பன் வாசல்பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

கிளம்பும்போது கரண்டியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். பருப்பளவு இருக்கிறது என்றாள் என் மனைவி.

"வீட்டுக்குக் கொண்டுபோம்மா. உங்க வீட்டு ரேடியோவுல ஒண்ணு வையி. உனக்கு எந்த ஸ்டேஷன் பிடிக்கும்?"

என் மனைவிக்கு எந்த ஸ்டேஷன் பிடிக்கும்? கல்யாணமாகி ஒன்பது வருஷம். பதினொரு ரேடியோவின் ஒவ்வொரு கப்பியும் எனக்கு மனப்பாடம். இதை மட்டும் நான் கேட்டதே இல்லை.

"சிலோன்தான்க்கா" என்றாள் அவள். "பக்கத்து வீட்டுல வைப்பாங்க. ஜன்னல் வழியாக் கேப்பேன். அவங்க ஊருக்குப் போயிட்டா இல்ல."

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி காயாது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். திருநகர்வரை பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தாவில் இருந்த பெண்ணைக் கேட்க முடியவில்லை என்று சாக்குச் சொன்னவன் நான். இவளைக் கேட்பதற்கு என்னை யார் தடுத்தது? அந்தப் பார்சல் குமாஸ்தா தன் ரேடியோவின் கண்ணாடியையே கழற்றிப் பீரோமேல் வைத்தவர். நான் பதினொன்றுக்கும் துணி போட்டு மூடிவைத்தவன். அன்று எனக்கு என்மேல் வந்த வெட்கம் இப்போதும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், அவள் விருந்தாளிகளுக்கு மூத்தது என்று காட்டுகிற அந்தப் பெரிய ரேடியோவின் துணியை எடுத்தேன். என்னிடம் இருந்ததில் அதுதான் உசத்தி. தேக்குப் பெட்டி, ஒரு புள்ளி கறையில்லாத தகடு. கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"வந்து வை."

"நூல் வழுக்கிரும்" என்றாள்.

"வழுக்கட்டும். திரும்பக் கட்டுவோம்."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் குமிழை அவள் முதல்தடவையாகத் திருகினாள். முதலில் பயந்து பயந்து, பிறகு வேகமாக, வேண்டுமென்றே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முள்ளை ஓடவிட்டுச் சிரித்தாள். நூல் வழுக்கவில்லை. அவள் விரல் வைத்துக் கட்டிய நூல்தானே. சிலோன் வந்ததும் நிறுத்தி, இது என்றாள். அந்த அம்மாளைப் போலவே சொன்னாள். மிச்ச அரக்கை உருக்கி நான் கொடுக்க, அவள் பொட்டு வைத்தாள்.

நோட்டில் அந்த "எவனோ முட்டாள்" வரியை நான் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ரேடியோக்களுக்கெல்லாம் படம் வரையுமுன், முதல் வரியாக, யார் கேட்பது என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.

பொட்டு வைத்த மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றேன். உள்ளே குமிழைத் திருகும் சத்தம் கேட்டது. வால்வு சூடேறி, கரகரத்து, ஒரு பாட்டு பாதியிலிருந்து தொடங்கியது. கொஞ்சம் தள்ளி நிற்கிறது முள், இன்னும் ஒரு மயிரிழை வலது பக்கம் வந்தால் சுத்தமாக இருக்கும் என்று என் காதுக்குப் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.